எந்தப் பெயரில் ஆடுகிறோம்?

சென்ற திங்கள் கொழிஞ்சாம்பாறையில் நம் அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவருடைய மூத்த குமாரர் செக் நாட்டின் தலைநகராகிய பிராகாவில் உத்தியோகம் பார்க்கிறார். அவர் அனுப்பியிருந்த ஓர் ஆட்டக் காட்சியைக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொண்டு வீட்டார் அனைவரும் சூழ்ந்திருந்தனர். கண்ணாடிபோல் மின்னும் பனித்தளம். அதன்மேல் கத்தி பொருத்திய காலணியுடன் மின்னலாய்ப் பாய்கின்ற வீரர்கள். கையிலே வளைந்த நீண்ட கோல். ஐரோப்பிய தேச அணிகள் தம்முள் மோதும் ஐஸ் ஹாக்கிப் பந்தயம் அது.

வீட்டின் மூத்தவராகிய ஆச்சி மூணாற்று மலையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டு கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். காட்சியைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் பேரனைக் கேட்டார்: “இவுகல்லாம் எந்த ஊரு, தம்பி?”

“சிவப்புச் சட்டை செக்கு, வெள்ளைச் சட்டை பின்லாந்து, ஆச்சி.”

“அப்படியா! நாம போய் ஆடுனா நம்மள எந்த ஊருன்னு எழுதுவாக?”

பேரன் சிரித்தான். நமக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு திரும்பிய பின்னும் அக்கேள்வி நம்மை விடவில்லை. இக்கட்டுரை அதன் விளைவே.

முதலில், ஆட்டத்தை அறியாத நேயர்களுக்காகச் சில வார்த்தைகள். ஐஸ் ஹாக்கித் தளம் 60 மீட்டர் நீளமும், 26 முதல் 30 மீட்டர் வரை அகலமும் உடையது. தளத்தின் அடியில் குழாய்களைப் பதித்து, உறைநிலைக்கும் கீழே குளிர்வித்த உப்புநீர் போன்ற திரவத்தை ஓட்டுவார்கள். மேலே தண்ணீரை மெல்லிய படலம் படலமாய்த் தெளித்து உறைய வைப்பார்கள். பனிக்கட்டி மூன்று நான்கு சென்டிமீட்டர் கனமாகும்போது ஆடுதளம் ஆயத்தமாகிறது. இதிலே பந்து கிடையாது. 7.62 சென்டிமீட்டர் விட்டமும் 2.54 சென்டிமீட்டர் கனமும் உள்ள ரப்பர் வில்லை ஒன்றே உண்டு. அது துள்ளாமல் வழுக்கிச் செல்வதற்காக ஆட்டத்திற்கு முன் அதனையும் உறைய வைக்கின்றனர். அணிக்குக் கோல்காவலர் உட்பட அறுவர் களத்தில் இருப்பர். இருபது நிமிடமாக மூன்று பகுதிகள். வேகம் மிகுதியாதலால் எவராலும் நீண்ட நேரம் களத்தில் நிற்க இயலாது. ஒரு நிமிடத்திற்கும் குறைவாக ஆடிவிட்டுப் பலகைத் தடுப்பைத் தாண்டி வந்து அமர, அடுத்தவர் குதித்து இறங்குவார். நம் மலைகளில் மூட்டை தூக்குபவர்கள் ஆள் மாற்றிக்கொள்வதை ஒத்தது இம்முறை.

அன்று நாம் கண்ட பந்தயம் ‘யூரோ ஹாக்கி டூர்’ என்னும் வரிசையைச் சேர்ந்தது. 1996 முதல் நடந்துவரும் இவ்வரிசையில் சுவீடன், பின்லாந்து, செக், ரஷியா ஆகிய நான்கு தேசங்கள் முறை வைத்து ஒருவர் மண்ணில் ஒருவர் ஆடிவந்தன. 2022இல் உக்ரைன்மீது ரஷியா படையெடுத்த பின்னர் ரஷிய அணி விலக்கப்பட்டு, அதன் இடத்தில் சுவிட்சர்லாந்து சேர்க்கப்பட்டது.

ஐரோப்பிய தேசங்களுக்கிடையே முதன்முதலாக நடந்த சாம்பியன் போட்டி 1910 ஜனவரியில். இடம் சுவிட்சர்லாந்தில் மான்ட்ரூ நகருக்கு மேலேயுள்ள லே ஸாவான் என்னும் மலைவாசம். வந்தவை நான்கே அணிகள்: பிரிட்டன், ஜெர்மனி, பெல்ஜியம், சுவிட்சர்லாந்து. பிரிட்டன் வென்றது. பிரிட்டன் என்று பெயரேயொழிய, வந்து ஆடியது லண்டன் மாநகரின் பிரின்ஸஸ் என்னும் ஒரு சங்கத்தின் அணிதான்! சட்டைக்கு மேலே தேசத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டால் நண்பர் சிலர் கூடிய குழுவும் தேசமாகிவிடுகிறது. இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இன்னுமோர் வேடிக்கை. லே ஸாவான் கடல்மட்டத்திற்கு ஆயிரம் மீட்டர் உயரங்கூட இல்லை. நம் மூணாறு அதைவிட ஏறக்குறைய ஐந்நூறு மீட்டர் உயரம். ஆயினும் அங்கே பனி இறுகி ஆடுகளமாகிறது. இங்கேயோ தை மாத விடியலில் புல்லின்மேல் வெண்மையாய்ப் படிந்து, வெயில் ஏறியதும் மறைகிறது. மறைவதோடு நின்றாலும் நல்லதே. இரவில் தேயிலைத் துளிர்மேல் உறைந்த பனியின்மீது காலைக் கதிர் படும்போது இலை கருகிப் பழுப்பேறுகிறது. 2019 ஜனவரியில் வெப்பம் உறைநிலைக்கும் கீழே சென்றபோது மூணாற்றுப் பக்கத்தில் எத்தனை தோட்டங்கள் தீய்ந்தன என்பதை மலையில் உள்ளோர் மறந்திருக்க மாட்டார்கள். கொழுந்து இல்லையேல் கூடுதல் எடைக்குரிய காசும் இல்லை. ஐரோப்பியன் பனியைக் கண்டால் கோலை எடுக்கிறான். நம் தாய்மார் பனியைக் கண்டால் பெருமூச்சு விடுகின்றனர்.

ஆச்சியின் கேள்விக்கு வருவோம்.

ஐஸ் ஹாக்கிக்கான அகில உலக சம்மேளனம் 1908 மே மாதத்தில் பாரிஸில் பிறந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் அதில் ஓர் உறுப்பினராய்ச் சேர்ந்தது பொஹீமியா. தேசப்படத்தில் அன்று அப்படியொரு சுதந்திர நாடு இல்லை. செக் மக்கள் வாழ்ந்த பொஹீமியா ஆஸ்திரிய-ஹங்கேரிச் சாம்ராஜ்யத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. அதற்குப் படையில்லை, தூதுவர் இல்லை. ஆனால் ஹாக்கிச் சட்டையில் மட்டும் தன் பெயரை எழுதிக்கொள்ள அதற்கு இடம் கிடைத்தது.

பொஹீமிய வாலிபர்கள் 1909 ஜனவரியில் பிரான்ஸின் ஷமோனி நகருக்குச் சென்று முதன்முறையாக ஆடினார்கள். ஆடிய ஆட்டமெல்லாம் தோல்வி. அவர்கள் நாட்டில் செயற்கைப் பனித்தளம் ஒன்றும் அன்று இல்லை. குளிர்காலத்தில் ஆறு உறைந்தால் பயிற்சி, உறையாவிட்டால் இல்லை. அப்படிப்பட்டவர்கள் இரண்டே ஆண்டுகளில், 1911இல், பெர்லினில் நடந்த போட்டியில் ஐரோப்பாவின் சாம்பியன் ஆனார்கள்!

மறு ஆண்டு, 1912, அவர்களுடைய சொந்தப் பிராகாவிலேயே போட்டி. மீண்டும் பொஹீமியாவே வென்றது. ஆனால் அப்போட்டியில் கலந்துகொண்ட ஆஸ்திரியா அந்நேரம் சம்மேளனத்தில் சேர்ந்திருக்கவில்லை என்று ஜெர்மனி ஆட்சேபம் எழுப்பிற்று. போட்டி முழுவதும் செல்லாது என்று தள்ளப்பட்டது. ஆளும் ஆஸ்திரியா பதிவேட்டில் இல்லை, ஆளப்படும் பொஹீமியா இருக்கிறது! வரலாறு சில சமயம் இப்படியும் கண் சிமிட்டுகிறது. 1914இல் பொஹீமியா மறுபடியும் பட்டத்தை வென்றது. அதே ஆண்டில் மகாயுத்தம் மூண்டது. யுத்தம் ஓயும் தறுவாயில், 1918 அக்டோபரில், செக்கோஸ்லோவாகியா சுதந்திர நாடாயிற்று. அதாவது, நாட்டிற்குப் பத்து ஆண்டுகள் முன்னதாகவே அதன் ஹாக்கி அணி பிறந்துவிட்டது.

இனி நம் மலைக்கு வருவோம். நம் முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் கங்காணிகளின் பின்னால் போடிநாயக்கனூர் வந்து, குரங்கணி ஏறி, டாப் ஸ்டேஷன் வழியாக மூணாற்று மலையை அடைந்த கதை நம் வீடுகளில் கேட்கும் கதையே. கண்ணன் தேவன் மலையை 1877இல் பூஞ்சாற்று அரசரிடமிருந்து மன்றோ துரை குத்தகைக்குப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் மலைக் கம்பெனி ஏற்பட்டது. அதன்பின் நெடுங்காலம் நிர்வாகம் செய்தது ஸ்காட்லாந்துக்காரர்களான ஜேம்ஸ் பின்லே கம்பெனி. அக்கம்பெனியின் பெயரால் 1941இல் தொடங்கியதுதான் பின்லே ஷீல்டு கால்பந்துப் பந்தயம். கேரளத்தின் பழமையான கால்பந்துப் பந்தயங்களில் இது ஒன்று. எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மோதும் பந்தயம். ஆடுபவர்கள் மலையில் வேலை பார்ப்பவர்களே.

அந்த 1941 என்னும் ஆண்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஐரோப்பாவில் யுத்தத் தீ கொழுந்துவிட்டு எரிந்த காலம். 1939இல் சுவிட்சர்லாந்தில் நடந்ததோடு ஐஸ் ஹாக்கியின் உலகப் போட்டி நின்றுவிட்டது. 1947இல் பிராகாவில்தான் மறுபடி கூடினார்கள். ஐரோப்பிய தேசங்கள் ஆட்டத்தை மறந்து சண்டையிட்ட அதே வேளையில், இங்கே மேகத்தின் நடுவே, கவ்வாத்துக் கத்தியையும் கொழுந்துக் கூடையையும் இறக்கி வைத்துவிட்டு நம்மவர்கள் ஓர் ஆட்ட விழாவைத் தொடங்கியிருக்கிறார்கள்.

பெரியவரை, கன்னிமலை, நல்லதண்ணி, லெட்சுமி, குண்டுமலை, செண்டுவரை, வாகுவரை, மாட்டுப்பட்டி! இவை எஸ்டேட்டுகளின் பெயர்கள். வெளியார் காதுக்குத் தேயிலைப் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டுகளாகத் தோன்றலாம். மலையில் பிறந்தவனுக்கு அவையே ஊர். பழைய மூணாற்று மைதானத்தின் மேட்டில் பந்தய நாளன்று நின்றவர்களைக் கேளுங்கள். தன் எஸ்டேட்டின் பெயரைக் கூவும்போது அவன் கம்பெனியையா கூவினான்? தன் லயத்தை, தன் ஆற்றை, தான் ஏறி இறங்கிய மலையை, தன் தாய் பெரட்டுக்கு நின்ற களத்தைக் கூவினான். ஸ்காட்லாந்து வாணிகர் பெயர் தாங்கிய கேடயத்தின்கீழ், தமிழ் வாலிபர், மலையாள மண்ணில், தமக்கென்று ஒரு பெயரை உண்டாக்கிக்கொண்டார்கள். பொஹீமியர் செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

ஆனால் ஒப்புமையை இங்கேயே நிறுத்திவிடுதல் நேர்மையாகாது. பொஹீமியனுக்குப் பெயர் மட்டுமன்றிப் பாட்டன் புதைந்த மண்ணும் இருந்தது. நம்மவர்க்கு? தொழிலாளிக்கு வீடு தரவேண்டியது தோட்ட முதலாளியின் கடமை என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. நல்ல சட்டம். ஆனால் வீடு தொழிலாளிக்கே என்பதனால், தொழில் முடிந்தால் வீடும் முடிந்தது. ஓய்வு பெறும் நாளில் பிள்ளையோ மருமகளோ பேர் பதிந்து வேலைக்கு வந்தால் லயத்து அறை நிலைக்கும். இல்லையேல் சாமான்களைக் கட்ட வேண்டியதே. எஸ்டேட்டின் பெயரைத் தாங்கி மூன்று முறை கேடயத்திற்காக ஆடியவனும் அறுபது வயதில் அந்த ஊரான் அல்லன். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் பிரிந்தபோது தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. சித்தூரும் அவ்வாறே. அதைப் பற்றிய பழைய வழக்கை இங்கே நாம் கிளறப் போவதில்லை. எல்லைக் கோடு எங்கே விழுந்தாலும் லயத்துக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே நம் ஆச்சிக்குப் பெரிய கேள்வியாயிருந்தது.

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. அவர்களுள் நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. மாண்டவர்களுள் பலருக்குப் பூர்விகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. உறவினர் அங்கிருந்து ஓடிவந்தனர். அடக்கம் செய்ததோ ராஜமலையில். பூர்விக ஊர் ஒன்று, பிழைத்த ஊர் ஒன்று, உறங்கும் ஊர் ஒன்று. உயிர் தப்பியவர்களில் எட்டுக் குடும்பங்களுக்கு 2021இல் குற்றியாறு வேலியில் வீடு கொடுக்கப்பட்டது. லயமாக அன்றி, தமக்கென்றே வீடு. அதற்கு அவர்கள் கொடுத்த விலையை நினைக்கையில் பேனா நகரவில்லை.

பெயர் போனவர்களின் கதி என்ன என்பதற்கும் ஐஸ் ஹாக்கியிலேயே ஒரு விருத்தாந்தம் உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினோம் என்றாலும் பிழையில்லை.

1993 ஜனவரி 1ஆம் நாள் செக்கோஸ்லோவாகியா, கத்தியின்றி இரத்தமின்றி, இரண்டாகப் பிரிந்தது. செக் ஒரு நாடு, ஸ்லோவாகியா ஒரு நாடு. அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் பாத்திரம் பண்டம் போலவே பந்தயத்தில் உள்ள இடமும் பாகத்திற்கு வரும் அன்றோ? உலகப் போட்டியின் முதல் வகுப்பில் செக்கோஸ்லோவாகியாவிற்கு இருந்த ஆசனம் செக் நாட்டிற்குப் போயிற்று. ஸ்லோவாகியா மூன்றாம் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. நேற்றுவரை ஒரே சட்டை அணிந்து ஒன்றாய் ஆடியவர்களே இரு புறமும். திறமையில் குறையில்லை. பதிவேட்டில் பெயர் புதிது, குற்றம் அவ்வளவே. ஸ்லோவாகியர் முறையீடு செய்து கொண்டிருக்கவில்லை என்று சொல்லமாட்டோம். ஆனால் ஆட்டத்தை நிறுத்தவில்லை. 1994இல் மூன்றாம் வகுப்பில் முதல் இடம். 1995இல் இரண்டாம் வகுப்பில் முதல் இடம். 1996இல் பெரியவர்களோடு சமமாக உட்கார்ந்தார்கள். 2002 மே மாதம் சுவீடனின் யோத்தபோரி நகரில் இறுதி ஆட்டம். எதிரே ரஷியா. மூன்றுக்கு மூன்று என்று சமனாக நின்று, கடைசி இரண்டு நிமிடத்திற்குள் போன்ட்ரா என்னும் வீரர் அடித்த கோலினால் ஸ்லோவாகியா உலக சாம்பியன் ஆயிற்று. அடித்தளத்திலிருந்து சிகரம் வரை எட்டு ஆண்டுகள்.

செக் நாட்டாரும் குறைந்தவர்கள் அல்லர். ஒரு பெயருக்காக ஆடுவது எத்தகையது என்பதை 1969இலேயே உலகுக்குக் காட்டியவர்கள் அவ்விரு மக்களும். 1968 ஆகஸ்டில் சோவியத் படைகள் நாட்டிற்குள் புகுந்தன. மறு ஆண்டு மார்ச்சில் சுவீடனின் ஸ்டாக்ஹோமில் உலகப் போட்டி. 21ஆம் நாள் இரண்டுக்குப் பூஜ்யம், 28ஆம் நாள் நான்குக்கு மூன்று என்று இரண்டு முறையும் சோவியத் அணியைச் செக்கோஸ்லோவாகியா தோற்கடித்தது. பட்டம் என்னவோ கோல் வித்தியாசக் கணக்கில் சோவியத்துக்கே போயிற்று. பிராகாவின் வீதிகளில் இறங்கிய ஜனசமுத்திரம் அதைப் பொருட்படுத்தவில்லை. சோவியத் விமானக் கம்பெனியின் அலுவலகம் நொறுங்கியது. ஏப்ரலில் துப்செக் தலைமைப் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். ரப்பர் வில்லை ஒன்று ராஜாங்கத்தை அசைத்த கதை இது. அசைத்ததன் விலையும் சேர்ந்ததே இக்கதை.

2024 மே மாதத்தில் அதே பிராகாவில் உலகப் போட்டியின் இறுதி ஆட்டம் நடந்தது. செக் அணி சுவிட்சர்லாந்தை இரண்டுக்குப் பூஜ்யம் என்று வென்றது. பிராகாவிலும் ஆஸ்ட்ராவாவிலுமாக அப்போட்டியைக் கண்டவர்கள் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் என்கிறார்கள்.

‘நமக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்கும் நேயர்களுக்கு ஒரு சிறு செய்தி. நம் இந்தியாவும் 1989 முதல் ஐஸ் ஹாக்கிச் சம்மேளனத்தின் உறுப்பினரே. லடாக்கின் உறைந்த குளங்களில் பயின்ற பெண்கள் 2017இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை வென்று முதல் வெற்றி கண்டனர். 2025இல் ஆசியக் கோப்பையில் வெண்கலமும் பெற்றனர். அவர்களும் நம்மைப் போல் எல்லை மலையில் வாழ்பவர்களே.

ஆச்சியிடம் இவ்வரலாற்றையெல்லாம் சொல்ல நமக்கு வாய்க்கவில்லை. விடைபெறும் வேளையில் அவர் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு புகைப்படத்தை எடுத்து வந்தார். ஈரத்தில் ஓரம் அரித்த படம். பதினோரு வாலிபர்கள், முன் வரிசையில் மண்டியிட்டு ஐவர், பின்னால் கைகட்டி அறுவர். பின் வரிசையில் இடப்பக்கம் முதலாவதாக நிற்பவர் அவருடைய காலஞ்சென்ற கணவர். “புல்பேக்கு ஆடுவாக. பந்து இவுகளத் தாண்டிப் போகாது” என்றார் ஆச்சி. பேரன் படத்தை வாங்கிப் பார்த்தான். அடியில் எஸ்டேட்டின் பெயரும் ஆண்டும் வெள்ளை எழுத்தில் தெளிவாக இருந்தன. ஆட்டக்காரர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

“மத்தவங்க பேரெல்லாம் தெரியுமா, ஆச்சி?” என்றான் பையன்.

ஆச்சி விரலை வைத்து ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார். எட்டுப் பேர் வரை சொன்னார். மூவர் பெயர் நினைவுக்கு வரவில்லை. பையன் தன் பள்ளி நோட்டில் எட்டையும் எழுதி, மூன்று கோடுகளை வெற்றிடமாய் விட்டான்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் இத்தகைய படங்கள் இன்னும் எத்தனையோ பெட்டிகளில் உறங்கக்கூடும். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, நெல்லியாம்பதி, எந்த மலையாயினும் சரி, எந்த ஆட்டமாயினும் சரி. வைத்திருப்பவர்கள் ஒரு பிரதி எடுத்து, நிற்பவர்கள் யார் யார் என்பதைப் பின்புறம் எழுதிச் சங்கத்திற்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அந்த மூன்று கோடுகளை நிரப்பக் கூடியவர் யாரேனும் நம் நேயர்களுள் இருந்தால், ஆச்சியின் படத்தை அடுத்த கூட்டத்தன்று சங்க அலுவலகத்தில் வைத்திருப்போம், வந்து பார்க்கலாம்.